காட்டைத் தராசுல ஏத்துன கதை

ஏலே பேராண்டி, இங்க வா. மத்தியதரைக்கடல் பக்கத்து ஓக் காட்டுப் படத்தைப் போன்ல பாத்துட்டு, "இதெல்லாம் ஒரு காடா தாத்தா, வெறும் புதரு"ன்னு மூக்கைச் சுழிச்சியாமே? ஓக்னா வானத்துக்கும் பூமிக்குமா நிக்கணும்னு உனக்கு எவன்லே சொன்னது? இங்கிலீஷ் சினிமாக்காரனா? அவன் ஊர்ல மாசம் தவறாம மழை பெய்யும். அந்தப் படத்துல நிக்குதது வேற சாதி ஓக். அதுக்கு வாய்ச்ச எடமும் வேற. கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்காத. கண்ணாடி போட்டா எனக்கும் எழுத்து தெரியும்.

பிரான்ஸ் தெக்க, மோன்பெல்லியே பட்டணத்துக்குப் பக்கத்துல புயேஷாபோன்னு ஒரு காடு கெடக்கு. இலையுதிராத ஓக் காடு. ஸ்பெயின்காரன் அந்த மரத்தை என்சினாங்கான், நானும் அப்படியே சொல்லிக்கிடுதேன். காட்டோட ஒசரம் சுமாரா 5.5 மீட்டர். மாடிவீட்டு மொட்டைமாடியில நின்னா காட்டை நீ குனிஞ்சு பாக்கணும். தண்டு ஒவ்வொண்ணும் 7 சென்டிமீட்டர் சுமாருக்குக் குறுக்களவு. ஆனா எண்ணிக்கையைக் கேளு. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ரெண்டரை ஏக்கர் சுமாருக்கு, 5,000 தண்டு இருக்கும். நீ உள்ள நடந்தா ரெண்டு தோளும் ஒரசும்.

ஏன் இப்படி? மரத்துக்கு வளரத் தெரியலையா? இல்லலே, மனுசன் வளர விடல. நூத்துக்கணக்கான வருசமா அங்க கரிமூட்டம் போட்டிருக்கான். இருபது வருசம், இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒரு தரம் அடியோட வெட்டுவான். என்சினா சாகாது. வெட்டுன தூர்லேர்ந்து பத்து தளிர் கெளம்பும். அந்தப் பத்தும் கைத்தண்டி ஆனதும் மறுபடி வெட்டுவான். புயேஷாபோன்ல கடைசியா அடியோட வெட்டுனது 1942-ல. பொறவு கேஸு வந்துது, எண்ணெய் வந்துது, கரி வாங்க நாதியில்ல. காட்டை அப்படியே விட்டுட்டுப் போயிட்டான். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகள்ல மூட்டம் போட்ட மேடைங்க இன்னமும் தட்டையாக் கெடக்கு, மண்ணைத் தோண்டுனா கரித்துண்டு வரும். நீ புதருன்னு சொன்னியே, அது பழைய அடுப்புக்கணக்கு. பிரெஞ்சுக்காரன் குளிருக்கு ஒதுங்குனதும் கஞ்சி காய்ச்சுனதும் அந்தத் தூர்ல எழுதியிருக்கு. இதையே படிச்சவங்க "காட்டமைப்பு"ன்னு தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமா எழுதுதாங்க. எழுதட்டும்.

சரி, எடைக்கு வா. நீதான் "பயோமாஸ், பயோமாஸ்"னு வாய் ஓயாமச் சொல்லுதியே. காட்டை எப்படிலே எடை போடுவ? 1964-லேர்ந்து 1974 வரைக்கும் சர்வதேச உயிரியல் திட்டம்னு ஒண்ணு நடந்துது. உலகத்துல எங்கெங்க காடு உண்டோ அங்கெல்லாம் தராசைத் தூக்கிட்டுப் போனாங்க. சில மரத்தைச் சாய்க்கது. இலையைத் தனியா, சுள்ளியைத் தனியா, தண்டைத் தனியாப் பிரிக்கது. அடுப்புல வச்சு ஈரம் போகக் காய வைக்கது. காஞ்ச எடையை எழுதுதது. அம்புட்டுத்தான், அதுதான் பயோமாஸ். மிச்ச மரத்தை வெட்ட வேண்டாம். டேப்பைச் சுத்தி சுத்தளவு எடுத்தாப் போதும், சாய்ச்ச மரத்தை வச்சுப் போட்ட சூத்திரம் மிச்சத்தைச் சொல்லிரும். டேப்பு சுத்துத எடம் தரையிலேர்ந்து 1.3 மீட்டர். நெஞ்சு ஒசரமாம். எவன் நெஞ்சுன்னு கேட்டுராத. கூன் விழுந்த எனக்கு அது கழுத்துக்கு வருது.

கோட்டித்தனம்னு சிரிக்கியா? சிரிக்காத. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னது நம்ம ஆளுதானே. அளந்ததுல என்ன தெரிஞ்சுதுன்னு கேளு. ஸ்பெயின்ல, கட்டலோனியாவுல மொன்ட்செனின்னு மலை. அங்க நிக்குத என்சினாக் காட்டுல தரைக்கு மேல மட்டும் ஹெக்டேருக்கு 160 டன் சுமாருக்குத் தேறிச்சு. மோன்பெல்லியே பக்கத்துலயே லெ ரூக்கேன்னு ஒரு கிழட்டுக் காடு, நூத்தம்பது வருச மரங்க. அங்க 270 டன் வரைக்கும் வந்துது. ஒரே மரம், ஒரே வெயிலு. வெட்டாம விட்டவன்கிட்ட அம்புட்டு இருக்கு. இதுல இலை எம்புட்டுன்னு நெனைக்கே? மொன்ட்செனியில 6 டன் சுமார். அந்த ஆறு டன் பச்சைதான் மிச்சம் அம்புட்டுக்கும் சோறு போடுது.

இப்ப நீ 270 டன்னைப் பாத்து வாயைப் பொளப்ப. அங்கதான் உன்னையெல்லாம் ஏமாத்திருவாங்க. மாட்டைப் பிடிச்சுத் தராசுல ஏத்தி, நானூறு கிலோ தேறுச்சுன்னு சொன்னா, அது எத்தனை படி பால் கறக்கும்னு உனக்குத் தெரிஞ்சிருமா? நிக்குத எடை வேற, வருசாவருசம் கறக்குதது வேற. இந்தக் காடு வருசத்துக்குப் புதுசா ஆக்குதது, தரைக்கு மேல, 6 டன், 7 டன்தான். அதுலயும் பாதிக்கு மேல இலையா, சுள்ளியா, பூவா, கொட்டையா கீழ விழுந்துரும். தண்டுல போய்ச் சேருதது ரெண்டு மூணு டன் இருந்தா அதிகம். இருப்பைக் காட்டிக் காட்டோட பெருமை பேசுதவன்கிட்ட வரவு எவ்வளவுன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாரு. மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.

ஏன் வரவு இம்புட்டுக் கொறைச்சல்? சோம்பேறி மரமா? நீயே யோசிச்சுப் பாரு. அந்த ஊர்ல சூரியன் கொதிக்குத மாசத்துல மழை கெடையாது. மழை பெய்யுத மாசத்துல குளிரு. வெயிலும் தண்ணியும் ஒண்ணா வருதது வசந்தத்துல கொஞ்ச நாளு, பொறவு கார்காலத்துல கொஞ்ச நாளு. அதுக்குள்ள வளந்தாத்தான் உண்டு. மே, ஜூன் தாண்டி மண்ணு காஞ்சதும் தண்டு பருக்கதை நிறுத்திரும். இதுல ஒரு வேடிக்கையைக் கண்டுபிடிச்சிருக்காங்க. தண்டு வளருதது நின்ன பொறவும் இலை கொஞ்ச நாள் சீனி செஞ்சுக்கிட்டுத்தான் இருக்குமாம். சமையலுக்குப் பண்டம் இருக்கு, பந்தி போடத்தான் தண்ணியில்ல. வெயில் மண்டையைப் பொளக்குத நேரத்துல இலை தன் மூச்சு ஓட்டையையே அடைச்சிரும். சின்ன இலை, தோலு கணக்கா கெட்டி, அடிப்பக்கம் பூனைமயிரு. ஒரு இலை ரெண்டு வருசம் சுமார் உழைக்கும். வருசா வருசம் புதுத்துணி எடுத்துக்கிடுத உனக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?

புயேஷாபோன்ல 1998-லேர்ந்து காட்டுக்கு மேல ஒரு கோபுரத்தை நட்டு, காடு இழுக்குத காத்தையும் விடுத காத்தையும் அளக்காங்க. இழுத்த கரியில பெரும்பங்கை மூச்சாவே திரும்ப விட்டுருது. வாங்குன சம்பளத்துல வீட்டுச் செலவு போக மிச்சம்தான் சேமிப்பு, மரத்துக்கும் அதே பாடுதான். மிச்சம்கூட ஒரே அளவா வருதா? வசந்தத்துல மழை நல்லாப் பெஞ்ச வருசம் ஒரு மாதிரி, பொய்ச்ச வருசம் ஒரு மாதிரி. 2005-ல ஒரு அந்துப்பூச்சிப் புழு வந்து வசந்தத்துத் தளிரையே மேஞ்சிட்டுப் போச்சு. அந்த வருசக் கணக்கு தலைகீழ். இப்படி இருக்கையில, "இந்தக் காடு வருசத்துக்கு இத்தனை டன் கார்பன் பிடிக்கும், கையெழுத்துப் போடுங்க"ன்னு ஒரு கோட்டுக்காரன் காயிதத்தை நீட்டுனா நீ என்ன கேக்கணும்? எந்த வருசம்லேன்னு கேக்கணும். புழு கையெழுத்துப் போட்டுச்சான்னும் கேக்கணும்.

பெரிய சங்கதி தரைக்குக் கீழ இருக்கு. புயேஷாபோன் தரை சுண்ணாம்புக் கல்லு. மேல அரை மீட்டர்ல முக்காவாசி கல்லு, அதுக்குக் கீழ தொண்ணூறு பங்கு கல்லு. இடையில இருக்குத ஒரு பிடி மண்ணுலயும் பொளப்புலயும்தான் வேரு போவுது. நாலஞ்சு மீட்டர் ஆழத்துலேர்ந்து தண்ணியை இழுக்குது. தூர்ல ஒரு முண்டு, கட்டியா, முடிச்சு முடிச்சா. வெட்டுனாலும் எரிச்சாலும் மறுபடி தளிர் விடுதது அதுலேர்ந்துதான். மேல இருக்குத தண்டுக்கு எண்பது வயசுதான். கீழ இருக்குத முண்டுக்கு அதைவிட எத்தனையோ தலைமுறை கூட. தரைக்கு மேல அளந்தவன் ஆயிரம் பேரு, வேரைத் தோண்டி எடை போட்டவன் கொஞ்சப் பேரு. ஏன்னு கேக்கியா? கல்லுத்தரையில கடப்பாரை போட்டுப் பாரு, தெரியும். இப்ப செயற்கைக்கோளை விட்டு மேலேர்ந்து காட்டை எடை போடுதாங்களாம். நல்லது. அதுக்குத் தலை தெரியும். தூரு தெரியாது.

இன்னொரு கூத்தைச் சொல்லுதேன். மழைக்கு ஏங்குத ஊர்ல மழையை மறிச்சுவிட்ட கதை. கட்டலோனியாவுல பிராதெஸ் மலைக்காட்டுல 1999-லேர்ந்து பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி, மரத்தடியில விழுகுத மழையில ஒரு பங்கை வெளிய வடிய விட்டாங்க. மேட்டுலேர்ந்து ஓடி வருத தண்ணி உள்ள வராம ஒரு வாய்க்காலும் வெட்டுனாங்க. மண்ணோட ஈரம் 15 சதவீதம் சுமாருக்குக் கொறைஞ்சுது. புயேஷாபோன்காரன் 2003-லேர்ந்து குழாயை நெடுக்கப் பொளந்து தகரக்கூரை வீட்டுக்குக் கட்டுத மாதிரி பீலி கட்டி, கால்பங்குக்கு மேல மழையை வெளிய விட்டான். பாத்தா உனக்கு என்ன தோணும்? தண்ணி கொடுக்காட்டா மரம் வாடும், இதுக்கு விஞ்ஞானியா வேணும்னு தோணும். எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு.

முடிவைக் கேட்டுட்டுத்தான் வாயை மூடுனேன். பிராதெஸ்ல என்சினா வளர்த்தி கொறைஞ்சுது, சாவு கூடிச்சு. அதே காட்டுல கூட நிக்குத பில்லிரியான்னு ஒரு சின்ன மரம், ஒரு ஓரத்துல கெடந்தது, அது அசையவே இல்ல. ராசா வாடிட்டாரு, எடுபிடி தெளிச்சலா நிக்கான். காலம் போகப் போக மழை இன்னும் கொறைஞ்சா அந்தக் காட்டுல யாரு கை ஓங்கும்னு புரியுதா? அதுக்கு மேல ஒரு சங்கதி. பத்துப் பன்னெண்டு வருசம் தாண்டுன பொறவு அந்த வறட்சியோட தாக்கமே மட்டுப்பட்டுப் போச்சு. ஏன்? செத்தது போக மிஞ்சுன மரத்துக்குத் தண்ணிப் பங்கு கூடிச்சு. புயேஷாபோன் மரம் இலையைக் கொறைச்சுக்கிட்டுச்சு. வருமானம் கொறைஞ்சா வீட்டுல பந்தியைக் கொறைக்கணும்னு அதுக்கு யாரும் வகுப்பு எடுக்கல. காட்டிலாகாக்காரனும் இதே சூத்திரத்தைத்தான் கையில எடுக்கான். நெருக்கமா நிக்குத தண்டுல பாதியை அவனே வெட்டிருதான். மிச்சம் நல்லாப் பருக்குது. ஹெக்டேருக்கு எத்தனை மரம்னு எண்ணிப் பெருமைப்படுத ஆளுங்க இதைக் கேட்டா மயங்கி விழுந்துருவாங்க.

எண்ணிக்கைன்னதும் தெஹேசா ஞாவத்துக்கு வருது. ஸ்பெயின் தென்மேக்குலயும் போர்ச்சுகல்லயும் இதே என்சினாவையும் கார்க் ஓக்கையும் தள்ளித் தள்ளி விட்டு வளர்த்திருக்கான். ஹெக்டேருக்கு இருபதுலேர்ந்து அறுபது மரம், அம்புட்டுத்தான். ரெண்டு நாட்டுலயுமாச் சேத்து முப்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல கெடக்கு. உன் தராசுல ஏத்துனா முள்ளு கொஞ்சம்தான் நகரும். ஆனா வரவைப் பாரு. மரத்தடியில புல்லு, புல்லுல ஆடும் மாடும், கெளையை வெட்டுனா வெறவு, கார்காலத்துல கொட்டை, கொட்டையைத் தின்னப் பன்னி. ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு. அந்தக் கொட்டையை ஒரு காலத்துல மனுசனே தின்னிருக்கான். போர்ச்சுகல் பக்கத்து மலைச்சனம் வருசத்துல மூணுல ரெண்டு பங்கு காலம் ஓக் கொட்டை மாவுல ரொட்டி சுட்டுத் தின்னுச்சுன்னு கிரேக்கத்து ஸ்ட்ராபோ எழுதி வச்சிருக்கான். இப்போ அதையே "பசையில்லா மாவு"ன்னு பட்டணத்துல பொட்டலம் கட்டி விக்காங்க. ஏழை தின்னப்போ பஞ்சம். பணக்காரன் தின்னா பத்தியம்.

பன்னிக்கு இன்னும் மரியாதை. அக்டோபர் கடைசியில மரத்தடிக்கு ஓட்டுவாங்க, கொட்டை தீருத வரைக்கும் மேயும். கொட்டைத் தோட்டை வாய்க்குள்ளயே உரிச்சுத் துப்பிட்டு பருப்பை மட்டும் முழுங்கும், அம்புட்டு வெவரம். அதோட தொடையை உப்புல போட்டுக் காய வச்சதுதான் ஹாமோன். 2014-ல ஸ்பெயின் அரசாங்கம் அதுக்கு ஒரு சட்டமே போட்டுச்சு. ஓக் கொட்டை தின்ன பன்னின்னு சொல்லணும்னா, அறுபது நாளைக்குக் கொறையாம மேஞ்சு, குறைஞ்சது 46 கிலோ அங்கயே ஏறியிருக்கணும். கலப்பில்லாத சாதின்னா கருப்புச் சீட்டு, கலப்புன்னா சிவப்புச் சீட்டு. கருப்புச் சீட்டை வாங்கி, கண்ணாடி மேசையில வச்சு, மெல்லிசா சீவி, கண்ணை மூடி "ஆஹா, காட்டோட வாசம்"னு சொல்லுதானே, அவன்கிட்ட அந்தக் காட்டுல சின்ன மரம் எத்தனைன்னு கேளு. முழிப்பான். ஏன்னா எத்தனையோ தெஹேசாவுல சின்ன மரமே கெடையாது. கெளம்புத தளிரை ஆடு மாடு கடிச்சிருது, விழுந்த கொட்டையைப் பன்னி தின்னுருது. மேல நிக்குதது எல்லாம் கிழடு. அதுலயும் மண்ணுல ஒரு பூஞ்சை மாதிரி நோயி வந்து வேரை அழுக வைக்குது, ஸ்பெயின்காரன் அதுக்கு "லா சேக்கா"ன்னு பேரு வச்சிருக்கான். கிழவன் போனா வீட்டுக்கு வாரிசு இல்ல. சீட்டு மட்டும் இருக்கு.

கார்க் ஓக்குக்கு வருவோம். உனக்குப் பொறுமைன்னா என்னன்னு சொல்லணும்னா அந்த மரத்தைத்தான் காட்டணும். போர்ச்சுகல் சட்டப்படி, நெஞ்சு ஒசரத்துல சுத்தளவு 70 சென்டிமீட்டர் வராம மரத்துல கோடாலி வைக்கப்படாது. வந்த பொறவு முதல் தரம் உரிச்ச பட்டை குப்பி மூடிக்கு ஆகாது. ஒம்பது வருசம் பொறுத்து ரெண்டாம் தரம், அதுவும் ஆகாது. இன்னொரு ஒம்பது வருசம் பொறுத்து மூணாம் தரம்தான் ஆகும். நட்டதுலேர்ந்து நாப்பது வருசத்துக்கு மேல போயிரும். உரிச்ச மரத்துல வருசத்தோட கடைசி இலக்கத்தை வெள்ளைப் பெயிண்டுல எழுதி வச்சிருவாங்க, அவசரக்காரன் ஒம்பது வருசத்துக்கு முன்னால கை வச்சிரக் கூடாதுல்லா. அகுவாஸ் டி மோரான்னு ஊர்ல 1783-ல நட்ட மரம் ஒண்ணு நிக்குது. உக்காந்திருக்குத குருவிச் சத்தத்துக்காக அதுக்கு "சீட்டியடிக்கிறவன்"னு பேரு. 1820-லேர்ந்து இருபது தரத்துக்கு மேல உரிச்சாச்சு. 1991-ல ஒரே உரிப்புல 1,200 கிலோ கொடுத்துச்சு. இருநூத்துச் சொச்சம் வயசுல. மரத்தைக் காப்பாத்தப் போறேன்னு கார்க்கு மூடியை விட்டுட்டு பிளாஸ்டிக் மூடிக்குப் போறவனைப் பாத்தா எனக்குச் சிரிப்பா வருது. கார்க்குக்காக அந்த மரத்தை எவன்லே வெட்டுதான்? மூடிக்கு விலை போனாத்தான் மரம் நிக்கும். விலை போகாட்டா அந்த எடத்துல வேற ஒண்ணு வந்து நிக்கும்.

வந்து நின்னுச்சு. யூகலிப்டஸ். பத்துப் பன்னெண்டு வருசத்துல வெட்டிக் காயித ஆலைக்கு அனுப்பிரலாம். வருச வளர்த்தியில ஓக்கெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. உன் கணக்குப்படி அதுதான் கெட்டிக்கார மரம். போர்ச்சுகல் காட்டுல இன்னைக்கு அதிக எடத்தைப் பிடிச்சு நிக்குதது அதுதான். 2017 ஜூன்ல பெட்ரோகாவ் கிராண்டே பக்கத்துல பைனும் யூகலிப்டஸும் பத்தி எரிஞ்சுது. 66 பேரு செத்தாங்க, பெரும்பாலும் ரோட்டுல, காருக்குள்ள. அந்தத் தீ வந்த வழியில ஃபெராரியா டி சாவ் ஜோவாவ்னு ஒரு சின்னக் கிராமம். ஊரை ஒட்டிப் பழைய கார்க் ஓக் தோப்பு இருந்துது. தீ ஊருக்குள்ள வராம அந்தத் தோப்புதான் மறிச்சுதுன்னு ஊர்க்காரங்க சொல்லுதாங்க. அந்தப் பட்டைக்குத் தீ அம்புட்டுச் சீக்கிரம் ஏறாது. புதுசா உரிச்ச மரம்னாத்தான் ஆபத்து.

பொறவு ஊர்க்கூட்டம் போட்டாங்க. ஊரைச் சுத்தி நின்ன யூகலிப்டஸைப் பிடுங்கிட்டு, ஓக்கும் அந்த மண்ணுக்குரிய மத்த மரமும் நடுததுன்னு முடிவு பண்ணுனாங்க. அங்க கார்க் ஓக் நட்டவனுக்கு முதல் நல்ல பட்டை கைக்கு வரும்போது 2060 தாண்டிரும். அந்தப் பக்கத்து ஊர்கள்ல பாதிக்கு மேல கிழடு கட்டைங்கதான், என் வயசு. உனக்குத்தான் எல்லாத்துலயும் ரிட்டர்ன் கேட்டே பழக்கமாச்சே. ஒரு நடை போயி, "பெரியவரே, இதுல ரிட்டர்ன் எப்ப வரும்?"னு கேட்டுப் பாரு. என்ன சொன்னாருன்னு வந்து சொல்லு. அடிச்சிருந்தாலும் மறைக்காமச் சொல்லு.